ஊருக்கு மிஞ்சிய வீடுகள்

வீடில்லாத சனங்களுக்கு வீடு கட்டித் தருகிறோம் என்று ஓர் அரசாங்கம் முன்வரும்போது, அந்தச் சனங்களின் பிரதிநிதிகளும், அவர்களிடையே வாழும் கற்றோரும், அவர்களுள் கணிசமான தொகையினரும் கூடிநின்று "இந்த வீடு எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்வது உலக வழக்கில் அபூர்வமான காரியம். நீண்ட யுத்தத்தில் கூரையை இழந்து, முகாம்களிலும் உறவினர் விறாந்தைகளிலும் தகரக் கொட்டில்களிலும் காலங்கழித்த மக்களிடமிருந்து அந்த மறுப்பு எழுந்தது என்பது அதனினும் அபூர்வம். ஆயினும் 2016ஆம் ஆண்டில் வடக்கிலும் கிழக்கிலும், விசேஷமாக யாழ்ப்பாணக் குடாநாட்டிலும், நிகழ்ந்தது அதுவே. 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் என்ற அந்தப் பெருந்திட்டம் இன்று கோப்புகளுக்குள் அடங்கிவிட்டது. அதை எதிர்த்தவர்கள் செய்தது சரியா பிழையா என்ற வழக்கு மாத்திரம் அடங்கவில்லை. வீடமைப்பைப் பற்றிப் பேச்செழும் வேளைகளில் "அன்று வந்ததைத் தள்ளினீர்களே" என்று ஒரு சாராரும், "நல்லவேளை தள்ளினோம்" என்று மறுசாராரும் சொல்லிக்கொள்வதைக் கேட்கிறோம். என் அபிப்பிராயத்தில் தள்ளியது சரியே. ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் பிரதானமானது போதிய அழுத்தத்தோடு சொல்லப்படவில்லை. உருக்கு என்ற பொருளிலும் பார்க்க, அறுபத்தையாயிரம் என்ற அளவே அந்தத் திட்டத்தின் மூலதோஷம்.

வரலாற்றைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. அடுத்த ஆண்டு இந்திய அரசாங்கம் 50,000 வீடுகளுக்கு நன்கொடை அறிவித்தது. அவற்றுள் 46,000 வடக்குக்கும் கிழக்குக்கும் உரியவை. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் என்ற கணக்கில், அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை ஏற ஏறத் தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே பணம் வந்து சேர்ந்தது. வீட்டைக் கட்டுகிற பொறுப்பும் உரிமையும் பயனாளியினுடையவை. அத்திட்டம் பெரும்பாலும் முடிவை நெருங்கிய காலத்திலும், இரு மாகாணங்களிலும் இன்னும் சுமார் 137,000 வீடுகள் தேவை என்று மீள்குடியேற்ற அமைச்சு கணக்குச் சொன்னது. அப்பொழுது அந்த அமைச்சுக்குப் பொறுப்பாயிருந்தவர் டி. எம். சுவாமிநாதன். அவருடைய அமைச்சு, அக்காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய உருக்குக் கம்பனியாயிருந்த ஆர்சலர் மிட்டலைத் தெரிந்தெடுத்து, அதன் மூலமாக அறுபத்தையாயிரம் வீடுகளை ஒரே ஒப்பந்தத்தில் எழுப்பிவிடத் தீர்மானித்தது. ஒரு வீட்டின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய். அது நன்கொடையும் அன்று; நாடு பின்னர் திருப்பிச் செலுத்தவேண்டிய கடன்.

அந்த வீட்டோடு சூரிய மின்சாரம், தளபாடம், கணினி, இணைய வசதி, எரிவாயு அடுப்பு ஆகியனவும் சேர்த்துத் தரப்படும் என்று சொல்லப்பட்டது. இவையெல்லாம் ஒரு மனிதனுக்கு வேண்டாதவை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மாதிரி வீடுகள் யாழ்ப்பாணத்தில் எழுந்து, பார்க்கப் போனவர்கள் உள்ளே காலெடுத்து வைத்தபொழுது, கணினிக்கு இடம் வைத்தவர்கள் விறகு அடுப்புக்கு இடம் வைக்கவில்லை என்பதைப் பெண்கள் முதலிற் கண்டுகொண்டார்கள். சிலிண்டர் முடிந்தால் அடுத்த சிலிண்டருக்குக் காசு கையில் இருக்குமா என்று நிச்சயமில்லாத குடும்பத்துக்கு, வளவில் விழுகிற கொக்கறையும் பன்னாடையும் தென்னம்பாளையுமே எரிபொருள். புகை போக வழியில்லாத வீட்டில் அவற்றை எரிப்பது எப்படி? கன்னை பிரித்து வாதம் பண்ணிய அரசியல்வாதிகளின் பிரசங்கங்கள் யாவற்றிலும் பார்க்க, அடுப்பைப் பற்றிய அந்த ஒரு கேள்விக்கே அதிக கனம் இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் அந்த மாதிரி வீடுகளை ஆராய்ந்து குறைகளை எழுதினார்கள். அத்திவாரம் போதாது, கூரையைத் தாங்கும் அமைப்புப் போதாது, காற்றோட்டம் போதாது என்பன அவற்றின் சாரம். நாடாளுமன்ற உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் சபையிலும் வெளியிலும் இத்திட்டத்தை வன்மையாக எதிர்த்தார்; அப்போதைய வட மாகாண முதலமைச்சர் சி. வி. விக்னேஸ்வரனும் அதை ஏற்கவில்லை. ஏனைய எத்தனையோ விடயங்களில் எதிரும் புதிருமாக நின்ற இவ்விருவரும் இதிலே ஒரே பக்கத்தில் நின்றார்கள் என்பதைக் குறித்துக்கொள்வது தகும். அகிலன் கதிர்காமர் போன்ற பொருளியல் ஆய்வாளர்கள், உள்ளூர்த் தொழிலையும் உள்ளூர்ப் பணப்புழக்கத்தையும் புறக்கணிக்கிற திட்டம் இது என்று வாதிட்டார்கள். உப்புக் காற்றுக்கு இரும்பு நெடுநாள் தாங்குமா என்ற ஐயம் ஊர்ச் சந்திகளிலேயே எழுந்தது. அது கல்லாதவர்களின் ஐயம் அன்று. எந்தக் கிராமமும் கடலுக்குப் பெருந்தொலைவில் இல்லாத குடாநாட்டில், சோளகத்துக்கும் வாடைக்கும் இடையே வாழ்ந்து, கேற்றும் கிணற்றுக் கப்பியும் எத்தனை வருஷத்தில் துருப்பிடித்து உதிரும் என்பதைக் கையால் தொட்டறிந்தவர்களின் ஐயம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 65,000 வீட்டை 21 இலட்சத்தாற் பெருக்கினால் 13,650 கோடி ரூபாய் வருகிறது. அதே காலத்தில் அதே அமைச்சு தன்னுடைய வேறொரு திட்டத்தின் கீழ்க் கல்வீடு ஒன்றுக்குக் கொடுத்த தொகை 8 இலட்சம் ரூபாய். எட்டு இலட்சம் போதாது, மக்கள் கடன்பட நேரிடும் என்று தாராளமாகக் கொண்டு, வீட்டுக்குப் பத்து இலட்சம் என்றே வைத்துக்கொண்டாலும், 13,650 கோடிக்கு 136,500 கல்வீடுகள் எழுந்திருக்கும். அமைச்சு சொன்ன தேவை 137,000. ஆகவே இரு மாகாணங்களினதும் முழுத் தேவையையும் ஏறக்குறையத் தீர்த்துவிடக்கூடிய தொகையைச் செலவழித்து, அத்தேவையில் பாதிக்கும் குறைவானதைத் தீர்ப்பதற்கு ஒருவர் திட்டம் போட்டால், அவரிடம் காரணம் கேட்பது நன்றிகேடு ஆகாது. வரி கட்டுகிற எவருக்கும் அது கடமை.

இவ்வளவு தெளிவான கணக்கு திட்டம் வகுத்தவர்களுக்குத் தெரியாமற் போனது எவ்வாறு? இங்கேதான் அளவு என்ற விடயம் வருகிறது. அறுபத்தையாயிரம் வீடுகளை ஒரே ஒப்பந்தமாகக் கொடுப்பது என்று தீர்மானித்த கணத்திலேயே, அந்த ஒப்பந்தத்தை எடுக்கத்தக்கவர் யார் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. நெல்லியடியில் இருக்கும் ஒப்பந்தகாரரால் அதைத் தொட முடியாது. மானிப்பாயில் இருக்கும் மேசன்மார் சங்கம் கட்டி வந்தாலும் முடியாது. கொழும்பிலுள்ள பெரிய கம்பனிகளுக்குமே அது மூச்சுமுட்டும் காரியம். கடலுக்கு அப்பாலிருந்து கடனையும் தானே ஒழுங்குசெய்துகொண்டு வரத்தக்க ஒரு மகாகம்பனியால் மாத்திரமே இயலும். அக்கம்பனி உருக்குச் செய்கிற கம்பனியாதலால் வீடு உருக்காயிற்று. அது சீமெந்துச் செய்கிற கம்பனியாயிருந்தால் வீடு சீமெந்தாகியிருக்கும். எந்த வீட்டில் குடியிருக்கப் போகிறோம் என்பதை வட்டுக்கோட்டையிலோ வரணியிலோ இருக்கும் ஒரு குடும்பம் தீர்மானிப்பதற்கு, அந்த ஏற்பாட்டில் ஊசி நுழையும் இடமும் மிஞ்சவில்லை. ஆயிரம் குடும்பங்களிடம் ஆயிரம் விருப்பங்களைக் கேட்டால் ஒப்பந்தம் குலைந்துபோகும். ஆதலின் கேட்காமல் இருப்பதே அத்தகைய திட்டத்தின் தர்மம் ஆகிறது. அமைச்சர் நல்லவர், அதிகாரிகள் நேர்மையானவர்கள் என்றே கொள்வோம். அவர்களும் கேட்டிருக்க முடியாது.

யாழ்ப்பாணத்தில் வீடு என்பது ஒருநாளில் முடிகிற பொருள் அன்று என்பதையும் இங்கே சொல்லவேண்டும். சாத்திரியாரைக் கொண்டு நிலையம் எடுத்து, நாட்கல் வைத்து, கைக்கு வந்த காசுக்கு ஒரு அறையும் குசினியும் கட்டிக் குடிபூர்ந்து, பிறகு வெங்காயம் நல்ல விலைக்குப் போன வருஷத்தில் முன்விறாந்தையை இறக்கி, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியபொழுது சீற்றை நீக்கி ஓடு போட்டு, மகளுக்குச் சம்பந்தம் பேசும் காலத்தில் அதே வளவில் இன்னொரு பக்கமாக அத்திவாரம் வெட்டுவது இந்நாட்டு வழக்கம். வசதியுள்ளவர்களின் பழைய நாற்சார் வீடுகளும் இப்படித் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தவையே. பெண்ணுக்குச் சீதனமாக வீடும் காணியும் எழுதிவைக்கிற சமூகத்தில் (அந்த வழக்கத்தின் நன்மை தீமையை வேறொரு சமயம் பேசிக்கொள்ளலாம்) சேர்த்துக் கட்ட முடியாத வீடு அரைவீடு. பொருத்தி முடித்த உருக்குச் சட்டத்தின் மேல் அடுத்த அறையை யார் இணைப்பது? ஒரு தகடு பெயர்ந்தால் மாற்றுத் தகட்டுக்கு எங்கே போவது? கல்வீட்டில் சுவர் வெடித்தால் அடுத்த ஒழுங்கையில் இருக்கும் மேசன் பின்னேரம் வந்து பூசிவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போவார்.

காணி விடயத்தில் இந்தச் சமூகம் இன்னும் நுட்பமான நினைவு உடையது. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டளவில், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரியால் தொகுக்கப்பட்டு, ஆங்கிலேயராலும் 1806இல் அங்கீகரிக்கப்பட்ட தேசவழமைச் சட்டம், கூட்டுரிமையுள்ள காணியில் தன் பங்கை ஒருவர் விற்கப் புறப்பட்டால் மற்றப் பங்காளர்களுக்கு முதலில் அறிவித்து, வாங்கும் வாய்ப்பை அவர்களுக்கு முதலிற் கொடுக்கவேண்டும் என்று விதித்தது. அந்த விதி பின்னர் 1947ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் ஒழுங்கு செய்யப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதனால் விற்பனைகள் தாமதமாகின்றன, வழக்குகள் பெருகுகின்றன என்ற முறைப்பாடு பழையது. அதில் உண்மையும் உண்டு. ஆனால் நாலு பரப்புக் காணியின் கால்பங்கு கைமாறுவதற்கே மற்றப் பங்காளருக்கு முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும் என்று முந்நூறு வருஷங்களாகப் பழகிய ஒரு ஊரில், அறுபத்தையாயிரம் வீடுகளின் தன்மையை அங்கே வாழப் போகிறவர்களுக்கு முன்னறிவித்தலே இல்லாமல் முடிவுசெய்தால் மனம் கொதிக்காதா?

மறுபக்கத்தின் நியாயத்தையும் கேட்கவேண்டும். கேட்காமல் விட்டால் இந்தக் கட்டுரை ஒருதலைப் பேச்சாகும். எதிர்ப்புக் கிளம்பிய காலத்தில் அமைச்சு சொன்ன முக்கியமான பதில், இந்த வீட்டை விரும்பி விண்ணப்பித்தோர் தொகை பெரிது என்பதாகும். விண்ணப்பங்கள் வந்தது உண்மை. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த துணியோடு இடம்பெயர்ந்து, சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழைப் பக்கத்து நலன்புரி முகாம்களில் கால் நூற்றாண்டைக் கழித்த ஒரு தாயின் முன்னே விண்ணப்பப் படிவத்தை நீட்டினால், அவள் கையெழுத்திடத்தான் செய்வாள். உருக்கோ களிமண்ணோ, பூட்டுப் போட ஒரு கதவு கிடைத்தாற் போதும் என்று இருப்பவளிடம் உப்புக் காற்றைப் பற்றியும் உள்ளூர்ப் பொருளாதாரத்தைப் பற்றியும் சுவரெழுப்பிய வீட்டில் இருந்துகொண்டு நாம் விரிவுரை செய்வது எளிது. எதிர்த்தவர்களுட் பலர் வீடுள்ளவர்கள் என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனால் அவள் கையெழுத்து எதற்குச் சாட்சி? வீடு வேண்டும் என்பதற்குச் சாட்சி. கல்வீடு, பொருத்து வீடு என்ற இரண்டையும் ஒரே படிவத்தில் அச்சிட்டு, இரண்டின் விலையையும் பக்கத்தில் எழுதி, இதிலே எது வேண்டும் என்று கேட்டிருந்தால் அவள் எதற்குப் புள்ளடி போட்டிருப்பாள் என்பதை அமைச்சு அறிய விரும்பவில்லை. ஒன்றை மாத்திரம் காட்டி, இதை எடு அல்லது வெறுங்கையோடு போ என்று சொல்லிப் பெற்ற சம்மதத்தைச் சம்மதம் என்று எண்ணுவது நீதியாகாது.

எதிர்ப்பின் பயனாகத் தொகை 6,000 என்று குறைந்தது. அதுவும் பின்னர் பேச்சிற் கரைந்தது. 2018இல் இன்னொரு பெருந்திட்டம் வந்தது. சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனோடு, சைனா ரெயில்வே பெய்ஜிங் எஞ்சினியரிங் என்ற நிறுவனம் 40,000 வீடுகளை 30 கோடி அமெரிக்க டொலர் செலவில் கட்டுவதாக ஏற்பாடு. உருக்குப் போய்க் கொங்கிறீட்டு வந்தது, முறை மாறவில்லை. சனங்கள் மறுபடியும் எங்களுக்குக் கல்வீடே வேண்டும் என்றார்கள். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் அரசாங்கம் அதைக் கைவிட்டு, இந்தியக் கம்பனி ஒன்றும் உள்நாட்டுக் கம்பனிகளும் சேர்ந்த கூட்டுக்கு 28,000 வீடுகளைக் கொடுக்க அமைச்சரவையிற் தீர்மானித்தது. அதே மாதம் 26ஆம் திகதி கொழும்பில் பிரதமர் பதவி பற்றி எழுந்த பெருங்குழப்பத்தில் வீட்டை நினைக்க யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. பத்திரிகைகள் சீனாவுக்குத் தோல்வி, இந்தியாவுக்கு வெற்றி என்று தலையங்கம் போட்டன. கல்வீடு கேட்ட சனங்களுடைய கோரிக்கை இரண்டு வல்லரசுகளின் போட்டிக் கதையில் ஒரு அடிக்குறிப்பாகிப் போனது. நான் அக்காலத்தில் வாசித்த செய்திகளில் மிகவும் மனம் வருந்தியது இதற்கே.

இவற்றையெல்லாம் யோசிக்கும்பொழுது விசித்திரமாயிருப்பது என்னவென்றால், வீட்டுக்காரனே வீட்டைக் கட்டட்டும், அரசு பணமும் ஆலோசனையும் கொடுக்கட்டும் என்ற கொள்கையை உலகத்துக்குக் காட்டிய நாடுகளுள் இலங்கையும் ஒன்று. ரணசிங்க பிரேமதாச பிரதமராயிருந்த காலத்தில், 1978இல் தொடங்கிய இலட்சம் வீட்டுத் திட்டத்தில் அரசே நேராகவும் வீடுகளைக் கட்டியது; செலவு கட்டுக்கடங்காமற் போயிற்று. அதைக் கண்டு, 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில் அரசு கட்டுவதைப் பெரும்பாலும் நிறுத்திச் சிறு கடன்களைக் குடும்பங்களுக்குக் கொடுத்து, எத்தகைய வீடு, எவ்வளவு பெரிது, எந்தப் பொருளால் என்பவற்றை அவர்கள் கையிலேயே விட்டது. 1987ஆம் ஆண்டை வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அனுஷ்டித்ததும் பிரேமதாசவின் பிரேரணையின் பேரிலேயே. அவருடைய அரசியலைப் பற்றித் தமிழருக்கு எத்தனையோ கசப்பான நினைவுகள் உண்டு, அவை நியாயமானவை. ஆனாலும் இந்த ஒன்றில் அந்த மனிதர் கற்ற பாடத்தை, முப்பது வருஷத்துக்குப் பின் அவருடைய கட்சியைச் சேர்ந்தவர்களே மறந்தார்கள். அந்தப் பத்து இலட்சம் வீடுகளின் காலம் வடக்கில் யுத்தம் மூண்ட காலம்; தெற்கு பெற்ற அனுபவம் இங்கே வந்துசேரவேயில்லை.

அளவு மிஞ்சிய வீடமைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பார்க்க நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால் சென்னையில் இருக்கிறது. கூவம், அடையாறு ஆற்றங்கரைகளிற் குடிசை போட்டிருந்த குடும்பங்களை, 2000ஆம் ஆண்டு தொடக்கம் கண்ணகி நகருக்கும், 2015 வெள்ளத்தின் பின் பெருந்தொகையாகப் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் இறக்கினார்கள். பெரும்பாக்கத்தில் மாத்திரம் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், எட்டுத் தட்டுக் கட்டடங்களாக நிற்கின்றன. மீன் விற்றவளுக்கு மீன்சந்தை எட்டாத தூரம்; வீட்டுவேலைக்குப் போனவளுக்கு விடிய நாலு மணிக்கு எழும்பினாலும் பேருந்து காணாது; பள்ளிக்கூடம் இடையில் நின்ற பிள்ளைகள் அநேகர். சுவரும் கூரையும் குறைவில்லாமல் இருந்தும், பலர் வீட்டைப் பூட்டிவிட்டு நகரத்துக்கே திரும்பி வாடகைக்கு ஒண்டிக்கொண்டார்கள். அவர்களுள் எவரும் முன்னே கேட்கப்படவில்லை. கேட்கப்படாத நம் சனங்களுக்கு எதிர்த்துப் பேச ஒரு மாகாண சபையும் சில நாடாளுமன்ற உறுப்பினரும் இருந்தார்கள். ஆற்றங்கரைக் குடிசைக்காரருக்கு அதுவும் இல்லை.

இத்தனையும் சொன்னதால் கல்வீட்டுக்கு நான் கண்மூடி வக்காலத்து வாங்குகிறேன் என்று எண்ணவேண்டாம். ஐந்தரை இலட்சத்தில் கட்டி முடிக்கலாம் என்று நம்பி வரைபடத்துக்கு மேலே ஒரு அறையைக் கூட்டி, சீமெந்து விலை ஏறியபொழுது தாலிக்கொடியை ஈடுவைத்து, பிறகு நுண்கடன் கம்பனிகளின் கையில் அகப்பட்டுத் தவித்த குடும்பங்களை இந்திய வீட்டுத் திட்டத்தின் பின்னால் எங்கும் கண்டோம். தவணை தாமதித்து, கூரையேறாத சுவர் இரண்டு மாரியில் நனைந்து நின்றதும் உண்டு. இன்னும் பெரிய விடயம் மணல். வடமராட்சி கிழக்கின் மணற்குன்றுகளை இரவிரவாக உழவுயந்திரப் பெட்டிகளிலும் டிப்பர்களிலும் ஏற்றிக்கொண்டு போய்த்தான் நாம் சுவர் எழுப்புகிறோம். அந்தக் குன்றுகள் 2004 ஆழிப்பேரலையின் பின்னராவது நமக்கு அருமை தெரிந்திருக்கவேண்டியவை. மணல் அகழ்வை எதிர்த்துக் குடத்தனையிலும் நாகர்கோவிலிலும் குரல் எழுப்புகிற சனங்களும் ஊரைக் காக்க எழுந்தவர்களே. கல்வீடு கேட்ட நாம் அவர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

தண்ணீர் விடயமும் அப்படித்தான். வற்றாத ஆறில்லாத குடாநாடு இது; மாரியில் விழுகிற மழை சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கடல்நீருக்கு மேலே மிதக்கிற நன்னீர்தான் நம் கிணறுகள் யாவற்றுக்கும் ஒரே முதல். அதே பாறைக்குள்ளேயே நம் மலக்குழிகளும் இறங்குகின்றன. நிதர்சனமாகச் சொல்வதானால், கழிவுநீர்க் குழாய் இல்லாத ஊரில் ஒழுங்கைக்கு ஒழுங்கை எத்தனை வீடு நிற்கலாம் என்பதைக் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் உள்ள தூரமே தீர்மானிக்கவேண்டும். வளவுகள் துண்டாகித் துண்டாகி, இரண்டு பரப்பில் ஒரு வீடும் கிணறும் குழியும் நெருங்கி நிற்கிற இக்காலத்தில், எந்தப் பெருந்திட்டமானாலும், அது பொருத்து வீடாயினும் கல்வீடாயினும் நல்லூரில் எழும்புகிற மாடித் தொகுதியாயினும், முதலில் அளக்கவேண்டியது அதைத்தான். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கிக் குழாயில் அனுப்புவது ஆறுதலான செய்தி. ஆயினும் குழாய் வந்தாலும் குழி அங்கேதான் இருக்கும்.

எதிர்த்தவர்களிடம் நான் காணும் பெருங்குறை ஒன்று உண்டு. பொருத்து வீட்டைத் தடுத்து நிறுத்திய அன்றே அவர்களிற் பலர் வெற்றி பெற்றுவிட்டோம் என்று கலைந்தார்கள். முகாம்களில் எஞ்சியிருந்தவர்களைப் பாருங்கள். அநேகருக்கு வீடு இல்லாததற்குக் காரணம் காணி இல்லாமை. காணியின் உறுதியைக் காட்டினாற்தான் வீட்டுக்கான பணம் வரும். தலைமுறை தலைமுறையாகப் பிறர் காணியிற் குடியிருந்தவர்களுக்கு உறுதி எங்கே? அவர்களுட் பெரும்பாலானோர் நம் சமூகம் ஒதுக்கிவைத்த சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்பதைப் பட்டவர்த்தனமாகச் சொல்ல நாம் கூச்சப்படுகிறோம். உருக்கா கல்லா என்று நாடு முழுவதும் விவாதித்த காலத்தில், அவர்களுடைய கேள்விக்கு இரு தரப்பிலும் பதில் இருக்கவில்லை. ஒரு பெருங்கம்பனியை எதிர்த்து அறிக்கை விடுவதற்கு எங்களிடம் இருந்த வேகம், வெறுங்காணி வைத்திருப்போரிடம் இரண்டு பரப்பு விட்டுக்கொடுக்கும்படி கேட்பதற்கு இருக்கவில்லை.

ஆதலின் இப்பொழுது வடக்கிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போயிருப்பவர்களுக்கும் மாவட்டச் செயலகத்தில் இருப்பவர்களுக்கும் என் விண்ணப்பம் இது. அடுத்த வீடமைப்புத் திட்டம், எந்த நாட்டின் பணத்தில் வந்தாலும், அமைச்சரவைப் பத்திரமாக மாறுவதற்கு முன்பே கிராம அலுவலர் பிரிவுகளுக்கு வரட்டும். வீட்டின் படமும் விலையும் மாற்று வழிகளும் தமிழில் எழுதப்பட்டு, பிரதேச சபை அறிவித்தற் பலகையில் ஒரு மாதமாவது தொங்கட்டும். காணி இல்லாதவர்களின் பெயர்ப்பட்டியல் முதலிலும் காணி உள்ளவர்களின் பட்டியல் அதற்கு அடுத்ததாகவும் எடுத்துக்கொள்ளப்படட்டும். ஒப்பந்தம் எவ்வளவு பெரிதானாலும் அதை ஊர் ஊராகப் பிரித்து, அந்தந்த ஊர் மேசன்மாரும் தச்சரும் எடுக்கத்தக்க துண்டுகளாக்கட்டும். வாசகர்களுக்கும் ஒன்று சொல்வேன். அப்படி ஒரு படம் உங்கள் பிரதேச சபையில் தொங்கும்பொழுது, வீடுள்ளவர்களும் போய்ப் பாருங்கள். தொங்காவிட்டால் எழுத்திற் கேட்டு வாங்குங்கள். 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017இலிருந்து நம் கையில் இருக்கிறது, படிவத்துக்குக் காசும் இல்லை.